தூளுக்குள் ஸ்பூன்

பட்டாசுக்கு மருந்து அடைக்கும் வேலையை விட்டுவிட்டு என் மனைவி காலண்டர் அச்சகத்தில் சேர்ந்த புதிது. துணி துவைக்க, சோப்புத்தூள் இருந்த தகர டப்பாவுக்குள் எவர்சில்வர் ஸ்பூனை விட்டேன். அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூளுக்குள்ள இரும்ப விடாதீக!"

மருந்தில் இரும்பு உரசினால் தீப்பிடிக்கும் என்று ஆலையில் பழகிய பயம். சோப்புத்தூள்தான் என்று தெரிந்தும் ஸ்பூனை வாங்கித் தூர வைத்தாள். எனக்கு யார் மேலென்று தெரியாமல் ஆத்திரம் வந்தது.

மறுநாளே துணி துவைக்கும் லிக்விட் வாங்கி வந்தேன். மூடியில் ஊற்றினால் போதும், ஸ்பூனுக்கு வேலையில்லை. எங்கள் உப்புத்தண்ணீரில் அது சரியாக நுரைக்கவில்லை, அவள் சேலையில் அச்சு மையும் போகவில்லை. ஒரு வருடம் நான் வாயைத் திறக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே திறந்தாள். "எம்புட்டு ஊத்துனாலும் கறை அங்கனயே இருக்கு. என்னத்த லிக்விட்டு வாங்குறீக?"

பரணில் கிடந்த பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அடியில் இறுகிப்போயிருந்த தூளை எவர்சில்வர் ஸ்பூனால் கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்டது.

நான் டிவியை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.