அப்பாவுக்கு இல்லாமல் போன பாடு

முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எல்லாரையும் மன்னித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். அதைச் சொல்லவே அவருடைய மகளாகிய நான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது பழவேற்காட்டில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கண்ணுக்கெட்டாத ஏரி. அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வர முடியாதவருக்காக வீட்டார் ஒருவர் போய்ச் சொன்னால் போதும். காமாலையில் படுத்திருந்த அப்பா தம் அண்ணனை, அதாவது என் பெரியப்பாவை, நம்பி அனுப்பினார். அவர் கூட்டத்தில், “தம்பி தொழில விட்டுட்டான்” என்று சொல்லிவிட்டார். அப்பாவின் பாடு பெரியப்பா மகனுக்குப் போயிற்று. கூடப் பிறந்தவரே குழி பறித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அப்பா எங்களை அழைத்துக்கொண்டு கோயமுத்தூர்ப் பக்கம் சூலூருக்கு வந்தார். முதலில் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார், பிறகு சந்தையில் மீன் கடை வைத்தார். ஐஸ் மீனை அன்றைய மீன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. பழவேற்காட்டு இறாலை மட்டும் கடைசிவரை கடையில் ஏற்றவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கடை பாய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சேதி சொல்ல, பெரியப்பா வந்தார். “ஏனுங்ணா, பெரியவரு அத்தன தூரத்துல இருந்து வந்திருக்காருங்க. ஒரு வார்த்த பேசிப்போடுங்க” என்றார் பாய். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மன்னிப்பு என்று ஊரில் சொல்லப்படுவது இதுதான்.

காரியத்தன்று பெரியப்பா, “அஸ்திய என்கிட்ட குடும்மா. நம்ம ஏரியிலயே கரைச்சிடலாம்” என்று கை நீட்டினார்.

“அங்க அப்பாவுக்குப் பாடு இல்லீங்க, பெரியப்பா” என்றேன்.

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டதைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. பேரூரில், நொய்யலில் கரைத்தோம்.

அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய பாய்க்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், சந்தைக் கடைக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. பழவேற்காட்டில் உள்ள சொந்தங்கள் எல்லார் வீட்டுக்கும் இம்மலரைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பெரியப்பா வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவருக்கு வாசித்துக் காட்ட ஊரில் ஆளுக்குப் பஞ்சமிருக்காது.

– மகள்