பிரித்துப் போட்ட ஒரு சாண்

அம்மா செத்த நாற்பத்திரண்டாம் நாள் நான் ஜப்பானுக்குப் போனேன். அம்மாவும் நானும் போவதாக இருந்தது. நாங்கள் பட்டு நெய்து கொடுக்கிற முதலாளிக்கு அங்கே ஒரு மலைக் கிராமத்தோடு பழக்கம். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி, நாற்று நட்டு, சாயம் போட்டு, தறியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிற ஊர். நெய்கிறவர்களையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

கிளம்பும்போது ஆரணி வீட்டில் அம்மாவின் தறியில் பாதிப் புடவை நின்றது. எட்டாவதோடு நின்று, பக்கத்துத் தறியில் நெய்கிறவள் நான். ஆனாலும் அதில் உட்கார முடியவில்லை. கை மாறினால் ஊடையை அடித்து நெருக்குகிற அடி மாறும். அடி மாறின இடத்தில் குறுக்கே கோடு விழும். அதுவரைக்கும் அம்மா, அதற்கு மேல் நான் என்று ஆகிவிடும்.

"நீ வர்றதுக்குள்ள அத்த அறுத்து எறக்கிட்டு வேற பாவு நூலு ஏத்திடறேன்," என்றார் நைனா. "எத்தினி நாளு பாத்துகினே இருக்கறது?"

"நான் வர்ற வரைக்கும் தொடாத நைனா."

அந்தக் கிராமத்தில் எல்லாமே அலுப்பாக இருந்தது. சேற்றில் நாற்று நட்டேன். நீலச் சாயத்தில் கை விட்டேன், நகம் நீலமாகவே நின்றுவிட்டது. முதலாளியையும் என்னையும் அங்கே கூட்டிப்போய்க் காட்டிய ஜப்பான்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் போனில் பேசுவாள், போன் தமிழில் சொல்லும்.

"தங்கள் கரங்கள் களைப்படைந்துள்ளனவா?" என்று கேட்டது போன்.

முதலாளி சிரித்தார். "இன்னாமா, இது நம்மள விட நல்லா தமிழ் பேசுது."

தலையை ஆட்டினேன். களைப்பு கையில் இல்லை.

மூன்றாம் நாள் தறி. ஒரே நீளத் துணி. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சாண் நெய்துவிட்டுப் போவார்களாம். எனக்கு முன்னால் நெய்தவர் யாரோ. ஓரம் வளைந்திருந்தது, நடுவில் சல்லடை மாதிரி இருந்தது. அந்தப் பெண் டீ எடுத்துவர உள்ளே போயிருந்தாள். எங்கள் வீட்டில் இப்படி வந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். குறுக்கே ஓடுகிற ஊடை நூலை ஒவ்வொன்றாக உருவி, அந்த ஒரு சாணையும் பிரித்துவிட்டுச் சுத்தமாக ஆரம்பித்தேன்.

அவள் வந்து பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, பிரித்துப் போட்ட நூலைக் கையில் எடுத்தாள். கோபப்படவில்லை. போன் சொன்னது: "இதை நெய்தவர் தன் நாட்டிற்குத் திரும்பிவிட்டார். இனி வரமாட்டார். பரவாயில்லை."

"வந்த எடத்துலயும் கை சும்மா இருக்காதா உனுக்கு?" என்றார் முதலாளி.

அந்த நூலையே வாங்கி மறுபடி நெய்தேன். அவர் நெய்த மாதிரியே கோணலாக வரட்டும் என்று பார்த்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்தும் வரவில்லை. என் கைக்கு நேராகத்தான் வருகிறது.

நைனாவுக்குப் போன் போட்டேன்.

"அறுத்துட்டியா?"

"கத்திரி எட்த்து வெச்சிகினு ஒக்காந்துகினு இருக்கேன். ஏன்?"

"அறுக்காத. நானே நெய்றேன்."

"கோடு உழும். மொதலாளி எடுத்துக்க மாட்டாரு."

முதலாளி பக்கத்தில்தான் இருந்தார். கேட்டேன்.

"கடையில வெக்க முடியாதும்மா," என்றார். எழுந்து போனவர் திரும்பி, "நீயே கட்டிக்க," என்றார்.

ஆரணிக்கு வந்த மறுநாள் அம்மாவின் தறியில் உட்கார்ந்தேன். கோடு விழுந்தது. ஒரு நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நெய்ய நெய்யத் துணியைக் கட்டையில் சுற்றித்தான் ஆக வேண்டும். இரண்டாம் நாள் அம்மா நெய்தது எல்லாம் உள்ளே போய்விட்டது, கோடும் போய்விட்டது. சுற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நைனா பின்னால் வந்து நின்றார். "முதுவு வலிக்குதா?"

"வலிக்குது."

"எந்திரி. கொஞ்ச நேரம் நான் நெய்றேன்."

"வேணா நைனா. இன்னொரு கோடு உழும்."

"உழட்டுமே," என்றார். எழுந்து இடம் விட்டேன்.