எல்லா ஆட்டமும் ஓடும் என்று சொன்னேன்

ராயபுரத்தில் என் மனைவியின் தம்பி நடத்திவந்த கேம் சென்டரைக் கெடுத்தவன் நான்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் செய்தேன். விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆட்டங்கள் அவனுடைய கம்ப்யூட்டர்களில், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டால், ஒழுங்காக ஓடாது என்று எனக்குத் தெரியும். ஓடும் என்று சொன்னேன்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது இது. நான் மணலியில் ஓர் உரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் லினக்ஸ்தான். இலவசமாகக் கிடைப்பது, யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாதது என்பதெல்லாம் உண்மை. ஆனால் என்னைப் பிடித்துவைத்திருந்தது அதுவல்ல, அது தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சுகம். என்னைப் போன்றவர்கள் சேர்ந்து மின்னஞ்சலில் ஒரு குழு வைத்திருந்தோம். நாள் முழுக்க ஒருவர் அறிவை ஒருவர் அளந்துகொண்டிருப்போம்.

மைத்துனனை எனக்கு ஆரம்பம் முதலே பிடிக்காது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தவன். கன்டெய்னர்கள் பெருகி ஆட்களைக் குறைத்தபோது அவனும் வெளியே வந்தான். அப்போது கைக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் போட்டு அந்தக் கடையைத் திறந்தான். கடை போனால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. இதுவும் எனக்குத் தெரியும். விசேஷங்களில் அவன் பேசும்போது நான் நடுவில் புகுந்து அவன் தமிழைத் திருத்துவேன். அவன் என்னை முகத்துக்கு நேரே "வாத்தியாரே" என்பான்.

கடையின் உயிர் ஞாயிற்றுக்கிழமைதான். காசிமேட்டுப் பையன்கள் ஒரு கட்சி, திருவொற்றியூர்ப் பையன்கள் இன்னொரு கட்சி. எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சுடும் ஆட்டம் ஆடுவார்கள். தோற்ற கட்சி இரண்டு கட்சிக்கும் வாடகை கொடுக்க வேண்டும், எதிர் டீக்கடையில் டீயும் வாங்கித் தர வேண்டும். வாரம் முழுக்க அந்தத் தெருவில் அதே பேச்சாக இருக்கும்.

கள்ள விண்டோஸ் வைத்திருக்கும் கடைகளில் போலீஸ் நுழைகிறது என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. அவனுடையது அத்தனையும் கள்ள விண்டோஸ். பயந்துபோய், பிடிக்காத என்னிடமே வந்தான்.

"லினக்ஸ் போட்டுவிடு. யாரும் உன்னை ஒன்றும் கேட்க முடியாது" என்றேன்.

"கேம்லாம் விண்டோஸ்ல ஓட்றது மாமா. அது எப்டி இதுல ஓடும்?"

"வைன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் ஓடுவதை லினக்ஸில் ஓடவைக்கும்."

"வைனா? அத்த குட்ச்சிட்டு மன்சன்தான் ஓடுவான். கம்ப்யூட்டரும் ஓடுதா?"

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தச் சுடும் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். தண்ணீராக ஓடியது. நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. என்னுடையதில் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது, அதை லினக்ஸில் இயக்கும் நல்ல டிரைவர் மென்பொருளும் இருந்தது. கடையில் இருந்தவை மலிவான மெஷின்கள். மதர்போர்டோடு ஒட்டிவந்த சிப்தான் அவற்றில் படம் காட்டியது. அந்தச் சிப்பை வைத்துக்கொண்டு வைனில் இந்த மாதிரி ஆட்டங்கள் திணறும் என்று எங்கள் குழுவிலேயே பலர் எழுதியிருந்தார்கள்.

அவன் நேராகவே கேட்டான். "நம்ம கட மிஷின்லயும் இதே மாரி ஓடுமா?"

"எல்லா ஆட்டமும் ஓடும்" என்றேன்.

ஏனென்றால், ராயபுரத்தில் ஒரு கடையை முழுக்க லினக்ஸுக்கு மாற்றிவிட்டேன் என்று குழுவுக்கு ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். வாழ்த்துகள் வந்து குவிந்திருந்தன.

கடை மெஷின்களின் டிஸ்குகளை நானே அழித்து லினக்ஸைப் போட்டேன். சீட்டாட்டமும் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றும் ஓடின. இன்னொரு ஆட்டம், சிடி உள்ளே இருக்கும்போதே சிடியைப் போடு என்று கேட்டுக்கொண்டிருந்தது. சுடும் ஆட்டத்தில் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. ஆள் செத்துவிழுந்த பிறகு வெடிச்சத்தம் வந்தது. போகப்போகச் சரியாகிவிடும் என்று அவனிடம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தேன். வெற்றியைப் பார்க்கப் போயிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாதி ஆட்டத்தில் காசிமேட்டு வரிசையில் ஒரு மெஷின் உறைந்தது. பிறகு இன்னொன்று. அவர்கள் தோற்றார்கள். வாடகை தர மாட்டோம் என்று எழுந்தார்கள்.

"இன்னாண்ணே, அவனுங்கோ சைடுல மட்டும் நல்லா ஓடுது? எவ்ளோ வாங்கின அவனுங்க கைல?" என்றான் ஒருவன்.

"டேய், அல்லா மிஷினும் ஒண்ணுதான்டா" என்றான் மைத்துனன்.

"ஒண்ணுன்னா எங்குள்து மட்டும் ஏன் படுத்துகினு கீது?"

திருவொற்றியூர்க்காரர்கள் விடவில்லை. "ஆடத் தெர்யாதவன் மிஷின கொற சொல்றாம் பாரு" என்றார்கள். நாற்காலி ஒன்று பறந்தது. மானிட்டர் ஒன்று உடைந்தது. மைத்துனன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீயே சொல்லு அவனுங்களுக்கு. இன்னாத்துக்கு நிக்குது?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நான் சரியாகத்தான் போட்டேன். நீ எதையோ நோண்டியிருக்கிறாய். படிக்காதவன் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

காசிமேட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் அதோடு தண்டையார்பேட்டையில் இருந்த வேறொரு கேம் சென்டருக்குப் போய்விட்டார்கள். மைத்துனன் எதையும் நோண்டியிருக்கவில்லை. சொன்னால் நம்புவதற்கு அங்கே ஆளில்லை. நாளாக ஆக வீட்டில் மனைவி என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்தினாள்.

முதலில் குழுவுக்கு உண்மையை எழுதினேன். அதுதான் சுலபமாக இருந்தது. நான் செய்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எந்தச் சிப், வைனில் எந்தப் பதிப்பு என்று கேட்டுப் பதில்கள் வந்தன.

பிறகு என் கைக்காசில் நல்ல விண்டோஸ் வாங்கி, கடைக்குப் போய் எல்லாவற்றிலும் போட்டேன். மைத்துனன் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு டீக்கடையில் காசிமேட்டுப் பையன்கள் இருந்தபோது போய் நின்று, மெஷின் நின்றதற்குக் காரணம் நான், அவன் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்றேன்.

"வுடுங்க சார். அப்பவே சொல்ல வேண்டியத்தானே" என்றான் ஒருவன். மற்றவர்கள் டீயைக் குடித்தார்கள்.

மைத்துனன் கடை வாசலிலிருந்து இறங்கி வந்தான். "உன்ன யாரு கேட்டா? என் பேர கெடுத்ததும் நீதான், இப்போ நல்லவனா வந்து நிக்கிறதும் நீயா? உன் மன்சு ஆற்றதுக்கு என் கட வாசல்தான் கெட்ச்சுதா?"

அவன் சொன்னது பெரும்பாலும் சரி.

ஆட்டங்கள் பழையபடி ஓடின. திருவொற்றியூர்க்காரர்கள் சில வாரம் வந்தார்கள். எதிர்வரிசையில் உட்கார ஆளில்லாமல் அவர்களும் நின்றுபோனார்கள். அந்த ஆண்டு மழைக்காலத்துக்குள் கடையை விற்றுவிட்டு அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் காவல் வேலைக்குச் சேர்ந்தான்.

கம்ப்யூட்டர்களை எடுத்துப்போக லோடு ஆட்டோ வந்த அன்று நானும் போயிருந்தேன். ஒரு மானிட்டரைத் தூக்கக் குனிந்தேன்.

"வை சார் கீழ" என்றான் மைத்துனன். "நாங்க தூக்கிக்கிறோம்."

வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.