பதிப்பு வரலாற்றில் இரண்டு ஆண்கள்

ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம்தான். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் எது மாறியது, யார் மாற்றினார் என்று இரண்டு வரி எழுதிச் சேர்ப்பார்கள். அதுதான் பதிப்பு வரலாறு. அதில் என் வேலை இருக்கிறது. நான்தான் ரொம்ப நாள் இல்லை.

படிப்பு முடித்துச் செஞ்சியில் சும்மா கிடந்தபோது அதில் புகுந்தேன். அந்த ஆட்டத்தில் வெட்டுப்பட்ட காய் பெட்டிக்குப் போகாது. வெட்டியவர் அதைத் தன் காயாக மறுபடி பலகையில் இறக்கலாம். அதற்கு முன் அது எவ்வளவு பெரிய பதவிக்கு உயர்ந்திருந்தாலும் சரி, புது எஜமானனிடம் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் மென்பொருளில் சில நேரம் அது பழைய பதவியோடே இறங்கி வந்துவிடும். பலரும் தேடிச் சலித்த கோளாறு அது. கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் உட்கார்ந்து நான் பிடித்தேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எரிச்சல். “எவனோ ஜப்பான்காரன் ஆடுறதுக்கு நீ இன்னாத்துக்குக் கண்ணக் கெடுத்துக்கிற?” என்பார்.

திருத்தம் அனுப்பக் கணக்குத் தொடங்க வேண்டும். பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். எங்கள் ஊரில் யாருக்கு ஐயா குடும்பப் பெயர்? இனிஷியல்தான். ஊரே செய்வதை நானும் செய்தேன். அந்தக் கட்டத்தில் நைனா பெயரை முழுசாகப் போட்டேன். மென்பொருளின் பொறுப்பாளர் ஜப்பானியர். தங்கள் ஊர் மரியாதைப்படி குடும்பப் பெயரை மட்டும் எழுதிப் பின்னால் ‘சான்’ சேர்ப்பார். அடுத்த பதிப்பில் நைனாவுக்கு நன்றி வந்தது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆதார், பேங்க் எல்லாவற்றிலும் நைனா போய் அவர் வந்தார். எதற்கு இரண்டு பெயர் என்று, மென்பொருளிலும் அவர் பெயரைப் போட்டுப் புதுக் கணக்கு தொடங்கினேன். பிறகு வந்த பதிப்புகளில் அவருக்கு நன்றி. அவர் அதைப் போனில் வைத்துக்கொண்டு, யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். “ஜப்பான்ல நம்ம பேரு இருக்குது பாரு!”

போன வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. பஸ்ஸுக்குக்கூட அவரிடம் கை நீட்டி அலுத்திருந்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும், வேண்டவே வேண்டும். காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அந்த வரலாறு ஒன்றுதான்.

வீடியோவில் வந்தவர் படித்துப் பார்த்தார். “மேடம், ரெண்டு ஜென்ட்ஸ் பேருதான் இருக்கு. இதுல நீங்க எங்க?”

“ஒண்ணு எங்க அப்பா பேரு. இன்னொண்ணு வீட்டுக்காரர் பேரு.”

“ஓ, ஃபேமிலியே புரோகிராமர்ஸா?” என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விளக்க விளக்க, பொய் சொல்கிறவள் போலவே ஆனேன். பொறுப்பாளரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார்.

எழுதினேன். பதில் மெதுவாக வந்தது. குடும்பப் பெயரை மட்டும் பார்த்து, இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றே அவரும் நினைத்திருக்கிறார். முதலாமவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனதில் அவருக்கு வருத்தமாம். வெளியான பதிப்பின் வரிகளை மாற்றும் வழக்கம் இல்லை, மன்னிக்கவும், இனி எப்படி எழுதட்டும் என்று கேட்டிருந்தார். அதற்குள் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது.

நாசமாய்ப் போகட்டும் என்று இரண்டு கட்டத்திலும் என் பெயரையே போட்டேன். அடுத்த பதிப்பில், ‘சான்’ சேர்த்து, என் பெயரே வந்தது. வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுவிட்டுக் காட்டினேன்.

பார்த்தார். மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

“என் பேரு எங்க?”

“அது நான் செஞ்ச வேலைங்க.”

“நீ செஞ்சதுதான், யாரு இல்லன்னது? அதுக்கு என் பேர எடுத்துடுவியா? கடைக்கு வர்றவங்ககிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?”

மனசு நொந்துவிட்டதாம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.