வெள்ளை போர்டு கார்

புத்தூரிலிருந்து திருப்பதிக்குக் காலையில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. சென்னைப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளெல்லாம் மலைக்குப் போகிறவர்களால் நிரம்பித்தான் வரும். அதனால் நர்ஸிங் படிக்கும் என் மகள் இரண்டு வருடம் ஒரு ஷேர் காரில் போய்வந்தாள். ஓட்டியவன் எங்கள் ஊரை அடுத்த காலனிக்காரன். முப்பது வயது, இரண்டு குழந்தைகள். காருக்கு வெள்ளை போர்டு. வாடகைக்கு ஓட்ட பர்மிட் கிடையாது. அது எனக்கு முதலிலேயே தெரியும். ஆனால் நிதானமாக ஓட்டுவான். அவளைக் கல்லூரி வாசலில் இறக்கி, அவள் உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பான்.

அவளுடைய பரீட்சை நாளில் சித்தூர் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். எங்களைத் தவிர, திருப்பதியில் தையல் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். வடமாலப்பேட்டை நெருங்கும்போது தூரத்தில் ஒரு ஜீப்பைப் பார்த்து அவன் வேகத்தைக் குறைத்தான்.

"பிரேக் இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு. கேட்டா நாமெல்லாம் சொந்தக்காரங்க. கல்யாணத்துக்குப் போய்க்கினு இருக்கோம்."

"தெனம் கல்யாணம்! ஒரு நாளாவது பந்தியில ஒக்கார வச்சியாடா நீ?" என்றாள் தையல்காரப் பெண்களில் மூத்தவள்.

"நீ மொதல்ல மொய் எழுதுக்கா, அப்பறம் துன்னலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். "சார், நீங்க எங்க அக்கா ஊட்டுக்காரரு. பாப்பா எங்க அக்கா பொண்ணு. அப்படியே சொல்லிடுங்க."

அவன் வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. தாய்மாமன் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அக்கா மகள் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. எங்கள் குடும்பத்திலேயே அப்படிச் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். காலனியைச் சேர்ந்த ஒருவன் என் மகளை அந்த முறை வைத்துச் சொன்னதும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நான் படித்தவன். அலுவலகத்தில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அந்த மாதிரி எண்ணம் எனக்குக் கிடையாது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

தையல்காரப் பெண்கள் கல்யாணம் என்றார்கள். இன்ஸ்பெக்டர் நம்பாமல் என் ஜன்னலுக்கு வந்து, அவன் எனக்கு என்ன உறவு என்று தெலுங்கில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான். "மா பாவகாரு, சார்." எங்கள் அக்கா வீட்டுக்காரர் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"காது சார். கிராயி பண்டி," என்றேன். இல்லை சார், வாடகை வண்டி.

"அடப் பாவி மனுசா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தையல்காரப் பெண்கள் இரண்டு பேரும் கடைசிவரை கல்யாணம் என்றே சாதித்தார்கள். என் மகள் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டு அவன் ரோட்டுக்கு ஓடினான். ஓர் ஆட்டோவை மடக்கி என் மகளை ஏற்றினான். "பாப்பாவுக்குப் பரீட்சை. எங்கியும் நிறுத்தாம போ." நானும் ஏறிக்கொண்டேன். அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கார் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அபராதம் கட்டி மீட்க முடியாமல் விட்டுவிட்டான். இப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் லோடு ஏற்றுகிறான்.

அன்று சாயங்காலம் மகள் கேட்டாள். "ஏன் நைனா அப்படிச் சொன்ன?"

"பர்மிட் இல்லாத வண்டி. வழியில ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்." இது பொய்யில்லை. அந்தக் கவலையில் அவள் போன் வரும்வரை எத்தனையோ நாள் வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

"ரெண்டு வருசமா அது உனக்குத் தெரியாதா?"

பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். அதன் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். மனசிலிருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவன் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

"ரூல்ஸ் அப்படி இருக்குதுப்பா," என்றேன்.

"ஆமா சார், ரூல்ஸுதானே," என்றான். பிறகு கேட்டான். "பாப்பா இப்ப எதுல போவுது?"

"பஸ்லதான்."

"ஐயோ, நிக்கக்கூட எடம் இருக்காதே சார்," என்றான்.