பிளேன் றோட்டுக் கருவாடு

பிரான்சிஸ்காவின் கருவாட்டில் மணல் இருக்காது. மன்னார்ச் சந்தையில் கருவாடு வாங்குகிறவர்கள் ஒரு துண்டைப் பல்லில் வைத்துப் பார்ப்பார்கள். நறநறவென்றால் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். பிரான்சிஸ்காவிடம் மட்டும் அப்படிக் கடித்துப் பார்ப்பதில்லை. மற்றப் பெண்கள் கடற்கரையில் பாய் விரித்துக் காயப்போட, அவள் ஒருகாலத்தில் விமானம் இறங்கிய ஓடுபாதையில் காயப்போட்டாள்.

கீரிக் கிராமத்துக்கு அப்பால், உடைமரங்களுக்கு நடுவே அந்தத் தார்ப்பாதை கிடந்தது. ஊருக்கு அது 'பிளேன் றோட்டு'. சண்டைக்கு முந்திய காலத்தில் இரண்டு பேர், நாலு பேர் ஏறுகிற சின்ன விமானங்கள் அங்கே வரும். சொந்தமாக வாங்கி ஓட்டுகிற பணக்காரர், பறக்கப் பழகுகிற பெடியள், ஒருமுறை பெண் பார்க்க வந்த டொக்டர். சண்டை வந்ததும் எல்லாம் நின்றது. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பதினெட்டு வருசம் இருந்துவிட்டு 2010இல் பிரான்சிஸ்கா திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கடற்கரையில் காயப்போட இடமும் இல்லை. முந்தி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். மிதிவெடி எடுக்கிறவர்கள் பிளேன் றோட்டைத் துப்புரவாக்கிப் போன மறுநாளே அவள் அங்கே வலையை விரித்தாள். தார்ச் சூட்டில் இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. அந்தப் பாதைதான் அவளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது.

அங்கே அவளுக்கு இருந்த ஒரே தொல்லை காகம். அதற்கும் அவள் ஒரு ஒழுங்கு செய்திருந்தாள். மீன் காய்வது மேற்கு முனையில். குடலும் தலையும் கொட்டுவது கிழக்கு முனையில், தினமும் பத்து மணிக்கு, வாளி மூடியைத் தட்டி. வயிறு நிறைந்த காகம் மேற்குப் பக்கம் எட்டியும் பார்க்காது.

மூன்று வருசம் கழித்து, கொழும்புக் கந்தோர் ஒன்றிலிருந்து கனகரத்தினம் என்ற அதிகாரி ஒரு குடையோடும் ஒரு கோப்போடும் வந்தார். கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். சின்ன விமானங்கள் ஏன் அருகிப்போயின என்று விரல் மடக்கிச் சொன்னார். எண்ணெய் விலை, ஓர் அனுமதிக்கு ஆறு கந்தோர், பழக்குகிறவர்கள் வெளிநாடு போனது. உயிர்ப்பிக்கும் வழியும் அவரிடம் இருந்தது: வேலி, மலசலகூடம், மூன்று மொழியில் பெயர்ப்பலகை. வருகிற வெள்ளி பத்து மணிக்கு முதல் விமானம்.

பிரான்சிஸ்கா கூட்டத்தில் வாய் திறக்கிறவள் அல்ல. பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவின் விலாவில் இடித்து, காதில் ஏதோ சொன்னாள்.

"சேர், இவ ஒண்டு கேக்கிறா," என்று பெற்றிசியா எழுந்தாள். "வந்து இறங்கிறவை, இறங்கி என்ன செய்யிறது?"

"சுத்திப் பாத்திட்டுப் போவினம்."

"எதை? தெருவெல்லாம் திரியிற எங்கட கழுதையளையோ?" இது பெற்றிசியாவின் சொந்தக் கேள்வி.

மண்டபம் சிரித்தது. கனகரத்தினத்தின் முகம் கறுத்தது.

"றோட்டில கருவாடு போடுறது நீங்களோ அம்மா? காகம் ஒண்டு விசிறியில அடிபட்டால் பிளேன் விழும். வியாழனுக்கிடையில எல்லாத்தையும் எடுங்கோ. இனி அங்க ஒரு மீன் காயக்கூடாது."

பிரான்சிஸ்கா எழுந்தாள். "சேர், அந்தக் காகம் எண்டால்..."

"காகத்தைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"ஓம் சேர்," என்று உட்கார்ந்துகொண்டாள்.

வியாழன் பின்னேரம் வலை, பாய், கருவாடு எல்லாம் அவள் முற்றத்துக்கு வந்தன. வெள்ளி காலை அவள் வழக்கத்தைவிட இரண்டு சுண்டு அரிசி கூடுதலாகப் போட்டாள்.

"ஆருக்கடி இவ்வளவு சோறு?" என்று பெற்றிசியா கேட்டாள்.

"பசிக்கிற ஆக்களுக்கு."

பத்து மணிக்கு வெள்ளைக் குட்டி விமானம் வானத்தில் தெரிந்தது. காற்று மேற்கிலிருந்து வீசியது; காற்றை எதிர்த்தே இறங்குவதால் அது கிழக்கு முனையில்தான் தரை தொட வேண்டும். அந்த முனையிலோ தார் தெரியவில்லை, காகம்தான் தெரிந்தது. முந்நூறு இருக்கும். பத்து மணிச் சாப்பாட்டுக்கு வந்து வரிசையாகக் காத்திருந்தன.

கனகரத்தினம் குடையை விரித்து ஓடினார். காகங்கள் எழும்பின. குடையை மடக்கினார். திரும்ப வந்து இருந்தன. விமானம் இரண்டு தரம் சுற்றியது. அவருடைய போன் அடித்தது, விமானத்திலிருந்துதான். "இன்னும் பத்து நிமிசம் பார்ப்பன் சேர், பிறகு திரும்பிருவன்."

அவர் கூப்பிடு தூரத்தில் இருந்த பிரான்சிஸ்காவின் வேலிப் படலைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. அவள் படலைக்கு உள்ளேதான் நின்றாள். கையில் மூடிய வாளி. அடுப்படியில் பெற்றிசியா கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏதும் செய்யுங்கோ!"

"நான் அங்க மீனோட வரக்கூடாதெல்லோ, சேர்?"

"வாங்கோ அம்மா, தயவுசெய்து வாங்கோ!"

அவள் பாதைப் பக்கமே போகவில்லை. உடைமரங்களுக்கு அப்பால், கடற்கரையில் நின்று வாளி மூடியைத் தட்டினாள். கறுப்புப் போர்வை ஒன்றை உதறியதுபோல முந்நூறும் எழும்பி அவளிடம் வந்தன. விமானம் இறங்கியது.

ஓட்டி வந்தது றொஷேல் என்ற கொழும்புப் பிள்ளை. கனகரத்தினம் வரவேற்புரைத் தாளை விரிக்க முன்னமே அவள் மூக்கைச் சுளித்து மணம் பிடித்தாள்.

"யாரோ கருவாடு பொரிக்கிறாங்க. எங்க?"

பிரான்சிஸ்காவின் முற்றத்தில் கதிரை போட்டு, கட்டாக் கருவாட்டுப் பொரியலும் முருங்கையிலைச் சொதியுமாக மூன்று தரம் சோறு வாங்கினாள். "சேர், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு பார்க்கலாம்," என்றாள். "ஞாயிறு வந்தா எங்க பறக்கிறதெண்டு தெரியாம நாங்க கொழும்பையே சுத்துறம். இப்படிச் சாப்பாடு கிடைக்குமெண்டா அஞ்சு பிளேன் வரும். ஆனா காகத்துக்கு அன்ரி வேணும்."

கனகரத்தினம் கோப்பைத் திறந்தார், குரல் இறங்கியிருந்தது. "அம்மா, காகங்களைக் கடற்கரையிலயே வச்சுக்கொள்ளுங்கோ. மீனையும் முந்தின மாதிரிப் போடுங்கோ. ஞாயிறு மட்டும் பாதையை விட்டுத் தருவியளோ?"

பிரான்சிஸ்கா தலை குனிந்தாள். கிழமை நாட்களை விரல் மடக்கி எண்ணினாள். பெருமூச்சு விட்டாள்.

"கஷ்டம்தான் சேர். நீங்கள் கேக்கிறபடியால் ஞாயிறை விட்டுத் தாறன்."

அவர் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பெற்றிசியாவுக்குப் புரையேறியது. ஞாயிறு பூசை நாள்; ஒரு ஞாயிறுகூட பிரான்சிஸ்கா மீன் காயப்போட்டதில்லை.

திரும்பும்போது அந்த விமானத்திலேயே கொழும்புக்குப் போவதாகத்தான் கனகரத்தினத்தின் ஏற்பாடு. ஆனால் றொஷேல் தன் சிநேகிதர்களுக்கென்று நாலு பெட்டி கருவாடு எடுத்திருந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சேர் எத்தனை கிலோ?"

"தொண்ணூற்றிரண்டு."

"ரெண்டில ஒண்டுதான் ஏறும், சேர்."

அவரை மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட பிரான்சிஸ்காவே சந்திவரை கூடப் போனாள். வழிக்குத் தின்ன ஒரு பொதியும் கட்டிக் கொடுத்தாள்.