இரண்டு பத்தியில் ஒரு மறுப்பு

செய்யூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கம்ப்யூட்டரை அடியிலிருந்து இயக்கும் மென்பொருளான கெர்னலில், மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிரலை யாராவது மாற்றினால், அது சரியா என்று படித்துப் பார்ப்பது இப்போது என் வேலை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இந்த வேலை எல்லோரும் பார்க்க மின்னஞ்சலில் நடக்கும். நான் சொல்லும் குறை தப்பாக இருந்தால், அதுவும் என் பெயரோடு அங்கேயே கிடக்கும்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு மாற்றத்தை எழுதியவர் இதில் பழுத்தவர். அவரை நான் அதுவரை மறுத்ததில்லை. மெமரியின் ஒவ்வொரு துண்டையும் எத்தனை பேர் (ஆட்கள் இல்லை, நிரல்கள்தான்) பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். நம் வேலை முடிந்ததும் அதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். குறைத்தபின் துண்டைத் தொடக்கூடாது. அவர் குறைத்துவிட்டு, அடுத்த வரியில் அதையே படித்திருந்தார். பெரும்பாலும் வேறு யாராவது பிடித்திருப்பார்கள், ஒன்றும் ஆகாது. சோதனையிலும் சிக்கவில்லை. ஆனால் அவர்களும் அந்த நேரம் பார்த்து விட்டுவிட்டால், எண்ணிக்கை பூஜ்யமாகி, துண்டு அடுத்தவர் கைக்குப் போயிருக்கும்; இவர் படிப்பது வேறு யாருடையதையோ.

"இன்னாடி, காலையிலேர்ந்து அதையே மொறச்சிகினு கீற?" என்றாள் அம்மா, தோசையை வைத்தபடி.

"பெரிய ஆளு ஒருத்தர் எழுதினதுல தப்பு கீதும்மா."

"பெரிய ஆளுன்ற. உனுக்குப் புரியாம இருந்தா?"

நான் பயந்ததும் அதற்குத்தான். "அப்ப எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நாஸ்தா ஆறுது, துன்னுட்டு எழுது."

சாப்பிட்டுவிட்டு, இதற்கென்று உள்ள வழக்கப்படி இரண்டு பத்தியாக எழுதினேன். இடப்பக்கம் ஒரு பிராசஸர் செய்வது, வலப்பக்கம் அதே சமயம் இன்னொன்று செய்வது. அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் தொடாமல் தடுக்க அங்கே ஒரு பூட்டு இருக்கிறதே, கவனிக்கவில்லையா என்று கேட்டிருந்தார். திரும்பப் படித்தேன். பூட்டு இருந்தது; ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன்பே அதைத் திறந்துவிட்டிருந்தார். வாதம் எதுவும் இல்லாமல், அந்த வரிகளை மட்டும் எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் திருத்திய மாற்றம் வந்தது. படிப்பது முன்னே, குறைப்பது பின்னே. தவறைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயரையும் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய மாற்றத்தில், இவர் பார்த்தால் நல்லது என்று என்னைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார். வரிவரியாகத் தேடினேன். குறை ஒன்றும் இல்லை, அழகாக எழுதியிருந்தார். அதையும் எல்லோரும் பார்க்கவே சொன்னேன்.